செல்லக்கனியின் சவுரி

ஐப்பசி பிறந்த ஏழாம் நாள் உப்போடையில் பெய்த மழை, வானத்திலிருந்து இறங்கும் வரைக்கும் வெறும் மழையாகத்தான் இருந்தது. கூரையைத் தொட்ட பிறகுதான் அதற்கு ருசி வந்தது. முதலில் கண்டுபிடித்தவள் கீழத்தெருவில் ஒரு மருமகள். கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த சட்டியிலிருந்து ஒரு மடக்குக் குடித்தாள், நம்பாமல் இன்னொரு மடக்குக் குடித்தாள், பிறகு மாமியாரைக் கூப்பிட்டு, “அத்தே, கூரையில யாரு கருவாட்டுக் கொழம்பு வச்சது?” என்று கேட்டாள். மாமியாரும் குடித்துப் பார்த்தாள். குடித்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது, ஏனென்றால் அது அவள் தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்திருந்தபோது ஆசைப்பட்டு, தன் மாமியாருக்குத் தெரியாமல், அடுத்த வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து தின்ற சாளைக் கருவாட்டுக் குழம்பு.

காரணம் தேடி யாரும் அலையவில்லை. பால் பல் விழுந்தால் அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஓலை ஓடாகி, ஓடு காங்கிரீட் ஆகி, பிள்ளைகள் கிழவர்களாகி, கிழவர்கள் படங்களாகிச் சுவரில் தொங்கினாலும், எறிந்த பற்கள் மட்டும் எங்கும் போகாமல் மேலேயே கிடந்தன. புளி ஊறினால் ருசி இறங்குகிறது, வெந்தயம் ஊறினால் இறங்குகிறது, பல் ஊறினால் மட்டும் இறங்காதா என்று கேட்டார்கள். இத்தனை வருஷம் ஏன் இறங்கவில்லை என்று கேட்ட தபால்காரரை, வேலையைப் பாருங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மழை நிற்காமல் பெய்தது, உப்போடை நிற்காமல் தன்னையே ருசி பார்த்தது. ஏழு தலைமுறையாகச் சம்பா அரிசியைத் தவிர வேறொன்றையும் தொட்டதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பெரிய வீட்டின் தூம்புவாயிலிருந்து கேழ்வரகுக் கூழும் பழஞ்சோற்றின் புளித்த நீச்சத்தண்ணியும் கொட்ட, அவர்கள் வெட்கப்பட்டு பிளாஸ்டிக் குழாய் மாட்டினார்கள். குழாய் வழியாகவும் கேழ்வரகே வந்தது. கடற்கரைப் பக்கத்துக் குடிசைகளில் நண்டும் இறாலும் சொட்ட, பெரிய வீட்டு வேலைக்காரி எஜமானிக்கு ஒரு போணி நிறையப் பிடித்துக்கொண்டு போய் இரக்கத்தோடு கொடுத்தாள். முப்பது வருஷமாக ஒரு சுவருக்காகக் கோர்ட்டுக்கு நடந்த இரண்டு குடும்பத்தார் தங்கள் தங்கள் கூரைத் தண்ணீரில் ஒரே ருசியைக் கண்டு திகைத்து, ஊரை விசாரித்து, ஒரு விஷக்காய்ச்சல் வருஷத்தில் இந்த வீட்டுத் தாய் அந்த வீட்டுப் பிள்ளைக்கும் பால் கொடுத்ததை அறிந்து, வழக்கை வாபஸ் வாங்க மனமில்லாமல் சுவரில் மட்டும் ஒரு கிண்ணம் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தோடு ஒரு பாட்டில் கூரைத் தண்ணீரும் கேட்டார்கள்.

வீட்டுக்கு வீடு ருசித் தகராறு முற்றியதும், எது எந்த ருசி என்று தீர்த்துச் சொல்ல ஒரு நாக்கு வேண்டும் என்று ஊர்க்கூட்டம் போட்டு முடிவுசெய்தார்கள். நாக்கு என்றால் உப்போடையில் பொன்லிங்கம்தான். பஸ் நிறுத்தத்தில் ஓட்டல் வைத்திருந்தான். ஐம்பத்தொன்பது வயது, சர்க்கரை வியாதி, பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளைகள் திருப்பூரில். ஒரு கரண்டி சாம்பாரை நாக்கில் வைத்தால் பருப்பு எந்த ஊர்ப் பருப்பு, புளி பழசா புதுசா, கிளறியவன் கோபத்தில் கிளறினானா என்றெல்லாம் சொல்லுவான். நினைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவான், அதுதான் அவன் பெருமை. நாக்குக்கும் வாய்க்கும் நடுவில் மூளை எதுக்கு என்று கேட்பான்.

ஓட்டலின் பெயர்ப்பலகையில் ‘செல்லக்கனி ஓட்டல்’ என்று எழுதியிருக்கும். செல்லக்கனி அவனுடைய அக்கா. ஓட்டலுக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில் இருந்தாள், அறுபத்தேழு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்தப் பலகைக்கு ஒரு கதை உண்டு, ஓட்டலுக்கு வருகிறவர்கள் இட்லிக்கு முன்னால் அந்தக் கதையைத் தின்றாக வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று மழை தொடர்ந்து பொய்த்தது. மூன்றாவது மழையும் பொய்த்த வருஷம் அப்பாவும் அம்மாவும் ஒரே மாதத்தில் காலராவில் போனார்கள். பொன்லிங்கத்துக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. அவள் உப்பளத்தில் உப்புச் சுமந்து, சாயங்காலம் ஒரு பிடி கம்போ இரண்டு கிழங்கோ கொண்டுவந்து வேகவைத்து, முழுசையும் அவன் தட்டில் வைப்பாள். உனக்கு எங்கே என்று கேட்டால் ஒரே பதில், “நான் அளத்துலயே சாப்ட்டேன்.” அது பொய் என்று அவனுக்குப் பதினைந்து வயதில்தான் புரிந்தது. “எங்கக்கா பட்டினி கெடந்து போட்ட பிச்சைங்க இந்த ஒடம்பு” என்று முடிக்கும்போது தினமும் அவனுக்குக் குரல் தழுதழுக்கும், தினமும் அது உண்மையாகவே தழுதழுக்கும்.

அந்த மழைக்காலத்தில்தான் டாக்டர் ஷமீமா ஊருக்கு வந்து, விடுமுறை விட்ட பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மேலப்பாளையத்துக்காரி, பல்லையும் முடியையும் நகத்தையும் வாங்கி, பொடித்து, நகரத்தில் உள்ள ஒரு மிஷினில் கொடுத்து, அந்த மனிதர் எந்த வயதில் என்ன சாப்பிட்டார் என்று கணக்கெடுக்கிற படிப்பு அவளுடையது. அந்த வறட்சியில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது ஊர் முழுக்க சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் ஏன் என்று பார்க்க வந்திருந்தாள். கூரைத் தண்ணீருக்கு ருசி வந்ததும் ஊரார் அவள்மேல் பரிதாபப்பட்டார்கள். நாக்கே சொல்லும்போது மிஷின் எதுக்கு என்றார்கள். அவள் கோபப்படாமல், தன் நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் ருசிக்கென்று ஒரு பத்தி கோடு போட்டுக்கொண்டாள்.

அவள் படிப்புக்கு மரியாதை வந்தது ஆவுடையப்ப பிள்ளை வீட்டுத் தகராறில். பிள்ளைவாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வெங்காயம்கூட நுழையாத சைவ வீடு. அந்த வீட்டுக் கூரைத் தண்ணீரைக் குடித்த பொன்லிங்கம் துவரம்பருப்பு என்றான், நெய் என்றான், புடலங்காய் என்றான், நினைப்பதற்கு முன்னால், “அடியில லேசாக் கறி” என்றும் சொல்லிவிட்டான். பிள்ளைவாள் மூன்று நாள் வாசற்கதவைத் திறக்கவில்லை. நாலாம் நாள் ஷமீமாதான் போய்க் கதவைத் தட்டினாள், பொன்லிங்கத்தையும் கூட்டிக்கொண்டு.

“ஐயா, நம்ம ஒடம்புல நைட்ரஜன்னு ஒண்ணு இருக்கு. அதுல லேசானது இருக்கு, கனத்தது இருக்கு. ஒரு உயிர் இன்னொரு உயிரச் சாப்பிட்டா லேசானது சீக்கிரம் வெளிய போயிரும், கனத்தது தங்கிரும். புல்லவிட ஆட்டுல கனம் கூட, ஆட்டத் தின்ன மனுசன்ல இன்னும் கூட. படி ஏறுத மாதிரி. பால் குடிக்கிற பிள்ள எதச் சாப்பிடுது சொல்லுங்க?”

“பாலைத்தான்.”

“பால் எதுல இருந்து வருது? அம்மா ஒடம்புல இருந்துதான். அதனால பிள்ளையோட பல்லு அம்மாவவிட ஒரு படி மேல ஏறி நிக்கும். எந்தச் சைவ வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் பால் பல்லு கறி தின்ன பல்லு மாதிரித்தான் இருக்கும். அண்ணாச்சி நாக்கு பொய் சொல்லல. அது உங்க அம்மாவோட ருசி.”

பிள்ளைவாள் வாசலுக்கு வந்து, தாழ்வாரத்தில் சொட்டுகிற தண்ணீரை இரண்டு கைகளாலும் ஏந்தி, அறுபது வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன அம்மாவைக் குடித்தார். ஊர் ஒப்புக்கொண்டது. அந்த வாரம் ஊரில் பாதிப்பேர் வாசலில் நின்று அழுதார்கள், மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

விழுந்த பல்லையும் வெட்டிய முடியையும் நேரடியாகத் தம்ளர் தண்ணீரில் போட்டாலும் ருசி இறங்குகிறது என்று சலூன்கடைக்காரர் கண்டுபிடித்தார். பல் அது முளைத்து உருவான காலத்தை மட்டும் வைத்திருக்கும், ஆனால் முடி மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே வளரும், ஒரு விரற்கடை முடி என்றால் ஏறக்குறைய இரண்டு மாதம், நுனி பழசு, வேர்ப்பக்கம் புதுசு என்று ஷமீமா சொன்னாள். வறட்சிக் காலத்து முடி மட்டும் யாரிடமாவது கிடைத்தால் என் வேலை பாதி முடிந்தது என்றும் சொன்னாள். அதைக் கேட்டதும் செல்லக்கனி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள்.

தலை வாரும்போது உதிர்கிற முடியைச் சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகிவைத்து, சேர்ந்ததும் வேர்ப்பக்கத்தை ஒன்றாக்கிக் கறுப்பு நூலால் கட்டி, சடையோடு வைத்துப் பின்னுகிற சவுரியை அந்தக் காலத்துப் பெண்கள் எல்லோரும் வைத்திருப்பார்கள். செல்லக்கனியுடையது வறட்சி வருஷத்துச் சவுரி. ஒரு முழ நீளம், மணிக்கட்டுப் பருமன். “அந்த ஒத்த வருசத்துல உதிந்தது டாக்டரம்மா. கைய வச்சாக் கொத்தா வரும்” என்று அவள் கொஞ்சம் பெருமையோடு சொன்னாள். ஷமீமா அதில் ஒரு சின்னக் கற்றையைத் தாளில் சுற்றி நகரத்துக்குக் கொண்டுபோனாள்.

மிஷின் சொல்லும் வரை பொன்லிங்கத்துக்குப் பொறுமையில்லை. ஐம்பது வருஷமாக வாயால் சொன்ன கதையை ஊர் நாக்கால் கேட்கட்டும் என்று ஆசைப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரத்தை நிறுத்தி, பெஞ்சுகளை வாசலில் போட்டு, அக்காவுக்குப் புதுச்சேலை உடுத்தக் கொடுத்து நடுவில் உட்காரவைத்து, சவுரியிலிருந்து இழைகளைப் பிரித்து நுனி ஒரு தம்ளரிலும் நடு ஒரு தம்ளரிலும் வேர் ஒரு தம்ளரிலுமாக ஊறப்போட்டான். செல்லக்கனிக்குக் கூச்சமாக இருந்தது. “என்னத்துக்குல இதெல்லாம்” என்றாள், ஆனாலும் எழுந்துபோகவில்லை.

முதல் தம்ளர், கம்பங்கூழும் மோரும் சின்ன வெங்காயமும், அப்பா அம்மா இருந்த காலம். இரண்டாவது தம்ளர், காட்டுக்கீரை வெந்த தண்ணீர், காய்ந்த கிழங்கு, பிறகு ஒன்றுமேயில்லாத சப்பென்ற ருசி. கூட்டத்தில் இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பொன்லிங்கம் தழுதழுத்துக்கொண்டே மூன்றாவது தம்ளரை எடுத்துக் குடித்தான்.

குடித்தவன் நாக்கைச் சப்புக்கொட்டினான், இன்னொரு மடக்குக் குடித்தான், நினைப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டான்.

“கறி. நல்ல எளங்கறி.”

தம்ளர் கை மாறிப் போயிற்று. குடித்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள், சந்தேகமில்லை, கறிதான், வேர் நெருங்க நெருங்க ருசி கூடிக்கொண்டே போகிறது. கூட்டத்தின் கடைசியில் சீனியம்மா இருந்தாள், அந்த நாளில் செல்லக்கனியோடு அளத்தில் உப்புச் சுமந்தவள். அவள் யாரையும் பார்க்காமல், மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அந்த வருசம் இந்தச் சுத்துவட்டாரத்துல கறி வெந்த வீடு ஒண்ணே ஒண்ணுதான். அளத்து மேஸ்திரி வீடு.”

அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மிச்சத்தைக் கூட்டம் தானாகவே நிரப்பிக்கொண்டது. செல்லக்கனி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் எழுந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், ஒரு வார்த்தை போதும், சீனியம்மா எழுந்து ஓடியிருப்பாள். அவன் தம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏல, நான் திங்கலடா.”

“தண்ணி சொல்லுதே.”

“தண்ணி என்னமும் சொல்லட்டும். நான் சொல்லுதேன்லா.”

“நீதான தெனமும் சொன்ன, அளத்துலயே சாப்ட்டேன்னு.”

“அது பொய்டா. ஒனக்காகச் சொன்ன பொய்.”

“அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்லுதது பொய்யா?”

வாயிலிருந்து போனதைத் திருப்பி விழுங்க எந்த நாக்குக்கும் தெரியாது. செல்லக்கனி மெதுவாக எழுந்து பின்னால் தன் அறைக்குப் போனாள். புதுச்சேலையை அவிழ்த்து மடித்துக் கதவுக்கு வெளியே வைத்தாள். மத்தியானம் அவன் சோறு கொண்டுபோனபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: “நல்ல எளங்கறி தின்ன ஒடம்புலா, ரெண்டு நாளு தாங்கும். கொண்டு போ.”

இரண்டு நாள் மூன்று நாளாயிற்று. கொண்டுபோன தட்டு அப்படியே திரும்பி வந்தது. தண்ணீர் மட்டும் குடித்தாள், அதையும் கூரையில் பிடிக்காமல் கிணற்றில் இறைத்துக் குடித்தாள். ஊர் பெரிதாக அவளைத் தூற்றவில்லை. அந்தப் பஞ்சத்தில் யார்தான் என்ன செய்யமாட்டார்கள் என்று பெருந்தன்மையாகப் பேசிக்கொண்டது, அந்தப் பெருந்தன்மைதான் பொன்லிங்கத்தைக் கொன்றது. ஒரு பக்கம் அக்காமேல் கோபம், இத்தனை வருஷம் தன்னைக் கோமாளியாக்கிவிட்டாளே என்று. இன்னொரு பக்கம், தின்றால்தான் என்ன, தின்றுதானே உயிரோடு இருந்தாள், அதற்காக நான் சந்தோஷப்பட வேண்டாமா என்று தன்மேலேயே கோபம். அவனுக்கும் சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்புப் பார்க்கிற ஒரு சொட்டோடு சரி.

நாலாம் நாள் காலையில் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்த கறிக்கடை அந்தோணிமுத்து ஊர் திரும்பினான். நாற்பது வருஷமாக வெட்டுகிறவன், ஒரு துண்டை நக்கிப் பார்த்து ஆடு எந்தக் காட்டில் மேய்ந்தது என்று சொல்லுவான். தீர்ந்துபோகட்டும், எந்தக் கறி என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று, பொன்லிங்கம் சவுரியின் வேர்ப்பக்கத்து இழைகளை ஒரு தம்ளரில் ஊறப்போட்டுக் கறிக்கடைக்கு எடுத்துப்போனான்.

அந்தோணிமுத்து வாயில் வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் வைத்திருந்தான்.

“வெள்ளாடு இல்ல.”

“செம்மறி?”

“இல்ல. கோழி இல்ல, காடை இல்ல, மொசலு இல்ல, பன்னி இல்ல. மீனு இல்லவே இல்ல. இதுல புல்லு வாசம் இல்ல, தவிட்டு வாசம் இல்ல. ரொம்ப அடியில லேசாக் கம்பு வாசம் வருது. எந்த ஆட்டுக்குலே அந்தப் பஞ்சத்துல கம்பு போட்டிருப்பான்?”

“அப்ப என்னதாம்ணே இது?”

அந்தோணிமுத்து இன்னொரு மடக்குக் குடித்தான். பிறகு தம்ளரைக் கீழே வைத்தான். வைத்த விதம் பொன்லிங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

“கத்தி பட்டு வெரல் அறுந்தா வாயில வச்சுச் சப்புவேன். ஆயிரம் தடவ சப்பியிருப்பேன். அந்த ருசி இது.” அவன் எழுந்து குழாயடிக்குப் போய், இன்னும் ஒன்றையும் வெட்டியிராத கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தான்.

பொன்லிங்கம் நடந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்க்கு முன்னால் மூளை ஓடியது. பிள்ளைவாள் வீடு நினைவுக்கு வந்தது. பால் குடிக்கிற பிள்ளை அம்மாவைத் தின்கிறது, அதனால் ஒரு படி ஏறி நிற்கிறது. பதினேழு வயசுப் பெண் யாரைத் தின்று ஏறி நின்றாள்? பள்ளிக்கூட வாசலுக்கு வரும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே உள்ளே போனான்.

ஷமீமா அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னதும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “நான் வாரதுக்குள்ள ஏன் அண்ணாச்சி தண்ணியில போட்டிய?” என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தாள். அதில் நைட்ரஜனுக்கு ஒன்று, கார்பனுக்கு ஒன்று என்று இரண்டு கோடுகள் இருந்தன.

“மிசினும் கறின்னுதான் சொல்லுது. யாரு கறின்னு மிசினுக்குத் தெரியாது. ஆனா இதப் பாருங்க. கறி தின்னிருந்தா ரெண்டு கோடும் சேந்து மேல போகணும். இதுல நைட்ரஜன் ஏற ஏற, கார்பன் கீழ எறங்குது. ஒடம்பு தன் கொழுப்பக் கரைச்சு, அதுவும் தீந்து, தன் சதையவே எடுத்துத் திங்கும்போதுதான் இப்படி வரும்.” அவள் விரல் வேர்ப்பக்கத்துக்கு நகர்ந்தது. “இந்தக் கடைசி ரெண்டு விரற்கடையில அவங்க வெளிய இருந்து கிட்டத்தட்ட ஒண்ணுமே சாப்பிடல. முடி அப்படிக் கொட்டினதே அதனாலதான. கறி தின்னவ தலை அப்படிக் கொட்டுமா?”

மணிக்கட்டுப் பருமன் சவுரி. அதைத் தொட்டுப் பார்த்து, ஊர் முழுக்கக் காட்டி, நுனி நடு வேர் என்று வெட்டிய கை அவன் கைதான். சவுரியின் பருமனையே ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லோரும் நாக்கைக் கேட்டார்கள். வாயில் இன்னும் அந்த ருசி இருப்பதுபோல் இருந்தது. துப்ப நினைத்தான், அக்காவை எப்படித் துப்புவது? விழுங்கினான்.

ஓட்டலுக்கு வந்து அவனே அடுப்பைப் பற்றவைத்தான். அரிசியைக் குழைய வேகவைத்து, சிறுபருப்பைக் கடைந்து, உப்புக்கூடப் பார்க்காமல் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனான். செல்லக்கனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

“டாக்டரம்மா வந்துட்டாவளா?” என்று அவளே கேட்டாள்.

“வந்துட்டாவ.”

“மிசின் என்ன சொல்லுதாம்?”

“நீ கறி தின்னதாத்தான் சொல்லுது.”

அவள் தட்டை ஒரு சாண் தள்ளிவைத்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “ஒன் கறிய. கெடச்சது எல்லாத்தையும் எனக்கு வச்சிட்டு, ஒன் ஒடம்பு ஒன்னயவே தின்னிருக்கு. பட்டினி கெடந்தா அப்படியாம். அதுதான் முடியில கறியா நிக்காம்.” தலை நிமிராமலே, “சீனியம்மா பேசும்போது நான் வாயத் தொறக்கல. அதுக்கு ஒனக்கு என்ன தோணுதோ செய்யி. அடி. வெளிய போன்னு சொல்லு” என்றான்.

செல்லக்கனி தன் இடது கையை நீட்டி, முழங்கைக்கு மேலே, சதை இருக்க வேண்டிய இடத்தை, வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். “அதான் அப்பவே எனக்குத் தெரியாமப் போச்சு. யாரும் எனக்கு எலையப் போட்டுப் பரிமாறலயே” என்றாள். பிறகு தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

“எளங்கறின்னியே. ருசியா இருந்துச்சால?”

பொன்லிங்கம் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஓட்டலில் கதை சொல்லி அழுகிற அழுகை இல்லை. அதற்கு முடிவு இருக்கும், இட்லி வரும். அவள் தடுக்காமல் அழவிட்டாள். அவன் தேறி நிமிர்ந்தபோது தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தாள். சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்தாள். முதல் கவளத்தை வாய்வரை கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

“நீ சாப்ட்டியா?”

“நான் ஓட்டல்லயே சாப்ட்டேன்.”

நினைப்பதற்கு முன்னால் வந்துவிட்டது. சொன்ன பிறகு இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு சாயங்காலமும் அடுப்படியில் உட்கார்ந்து ஒருத்தி சொன்ன அதே வார்த்தை, இடம் மட்டும் மாறி, அந்தச் சின்ன அறையில் நின்றது. செல்லக்கனி அவனுடைய ஒட்டிப்போன கன்னத்தைப் பார்த்தாள், உலர்ந்த உதட்டைப் பார்த்தாள்.

“இந்தப் பொய்ய என்கிட்டயே சொல்லுதியா? இது நான் செஞ்ச பொய்டா” என்றாள். “வாயத் தொற.”

அவன் வாயைத் திறந்தான். அவள் அந்தக் கவளத்தை உள்ளே வைத்தாள். உப்பு கூடவா குறைவா, பருப்பு வெந்ததா வேகவில்லையா என்று அந்த நாக்கு ஒன்றுமே சொல்லவில்லை.